காணாமையும் இன்மையும்: கருந்துளையகத்து நிகழ்ச்சிகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருள் உளதென்று துணிதற்கு அது காணப்படுதல் வேண்டுமோ, காணப்படாமையே அதன் இன்மைக்குச் சான்றாமோ என்னும் வினா அளவை நூலார்க்குப் புதிதன்று. உலகாயதர் காட்சி ஒன்றனையே அளவையெனக் கொண்டமையும், சிவஞான சித்தியார் பரபக்கம் அவர் கொள்கையை முதற்கண் வைத்து மறுத்தமையும் இவ்விதழ் படிப்பார் யாவரும் அறிந்தனவே. அப்பழைய வழக்கு இக்காலத்து வானநூலாரிடையே வேறொரு பெயர் தாங்கி எழுந்துளது. கருந்துளை என வழங்கும் பொருளின் எல்லையைக் கடந்து உள்வீழ்ந்தவற்றிற்கு யாது நேர்கின்றது என்பது புறத்திருப்பார் எவர்க்கும் ஒருபொழுதும் எட்டாது. எட்டாததாகலின் அங்கு நிகழ்வன பௌதிக மெய்ம்மை உடையன அல்ல. அவற்றைப்பற்றிப் பேசுதல் வெறுஞ்சொல்லாம் என்பர் ஒருசாரார். அக்கொள்கை நிலைபெறுமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பொருளின் இயல்பினைச் சுருங்கக் கூறுதும். 1783-ஆம் ஆண்டில் ஜான் மிச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஞாயிற்றினை ஒத்த செறிவும் அதனின் 500 மடங்கு விட்டமும் உடைய ஒரு விண்மீன் உளதாயின், அதன் ஈர்ப்பினை மீறி ஒளியும் வெளிப்போதல் கூடாதெனக் கணக்கிட்டார். அத்தகைய மீனைக் கண்ணாற் காண்டல் இயலாதாயினும், அதனைச் சுற்றிவரும் பிறிதொரு மீன் உளதாயின் அதன் இயக்கம்பற்றி நடுவணதனை உய்த்துணரலாம் என்பதனையும் அவரே கூறிப்போந்தார். புகைகண்டு நெருப்புணர்தலோடு ஒத்த இவ்வனுமானமே 200 ஆண்டுகட்குப் பின்னர்ப் பயன் தந்தது. நம் பால்வழியின் நடுவே எஸ்2 என்னும் மீன் ஏறத்தாழ 16 ஆண்டிற்கு ஒருமுறை ஒளியில்லாத ஒன்றனைச் சுற்றிவருதலைக் கண்டு, அவ்வொன்று ஞாயிற்றின் நிறையினும் 40 இலக்க மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடையதென நாட்டினர் ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும். அதன்பொருட்டு அவ்விருவர்க்கும் 2020-இல் நோபெல் பரிசிற் பாதி பகிர்ந்தளிக்கப்பட்டது. மற்றைப் பாதியைப் பெற்றார் ரோஜர் பென்ரோஸ்.

ஐன்ஸ்டைனது பொதுச் சார்புக் கோட்பாட்டின் வழிக் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு 1916-இற் கண்ட தீர்வு, ஒவ்வொரு நிறைக்கும் ஓர் எல்லை ஆரத்தை வரையறுத்தது. ஞாயிறு முழுவதும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆரத்துள்ளும், நிலவுலகு முழுவதும் 9 மில்லிமீட்டர் ஆரத்துள்ளும் ஒடுங்குமாயின் அவை கருந்துளையாம். அவ்வெல்லையினின்று ஒளி புறம்போதாது. ஆகலின் அதனை நிகழ்வெல்லை என்ப.

இனி எதிர்ப்பக்கத்தார் காட்டும் முதல் ஏதுவினை நோக்குவாம். 1939-இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் ஒரு மீன் தன் ஈர்ப்பினால் வீழ்ந்து ஒடுங்குமாற்றைக் கணக்கிட்டபொழுது, வியத்தகு முடிபொன்று வெளிப்பட்டது. தொலைவில் நிற்பானுக்கு அவ்வொடுக்கம் வரவர மெலிந்து, எல்லையை எய்துதற்கு முடிவில்லாக் காலம் செல்வதாகத் தோன்றும்; மீனோடு உடன்வீழ்வானுக்கோ யாவும் ஏறத்தாழ ஒரு நாளளவில் முடிந்துவிடும். இதுபற்றியே, 'எல்லையைக் கடத்தல் என்பது என்றும் நிகழாத ஒன்று. நிகழாததன் பின் நிகழ்வன எங்ஙனம் உளவாம்?' என வினவுவர். அக்காலத்து ருசிய அறிஞர் இப்பொருளை 'உறைந்த மீன்' என்று பெயரிட்டழைத்ததும் இக்கருத்தினாலேயாம்.

அற்றன்று. ஒருவன் வேற்றூர்க்குச் செல்கின்றான். நாடோறும் ஓர் ஓலை விடுக்கின்றான். செல்லுந்தோறும் வழி அரிதாகலின் முதலோலை மறுநாளும், பத்தாமோலை பத்துத் திங்களிலும், பதினைந்தாமோலை நூறாண்டிலும் வந்து சேருகின்றன; பதினாறாவது வருதலே இல்லை. ஓலை பெறுவான் தன் கணக்கேட்டினை நோக்கி, 'அவன் பதினாறாம் நாள் என்பதொன்றைக் கண்டிலன். பதினைந்தாம் நாளிலேயே உறைந்து நின்றான்' எனத் துணிவானாயின் அஃது எத்துணைப் பேதைமை! ஓலையின் தாழ்ச்சி வழியின் குற்றமேயன்றி விடுப்பானது வாழ்நாளின் குற்றமன்று. ஷ்வார்ட்ஸ்சைல்டு கையாண்ட காலவளவை எல்லைக்கண் முறிந்துபோவது அத்தன்மைத்தே. துருவத்தில் தீர்க்கரேகைகளெல்லாம் ஒன்றாதல்பற்றி ஆண்டு நிலமே இல்லையென்பார் உளரோ? முறிவு அளவைக்கேயன்றி இடத்திற்கன்று என்பதனை லெமைத்தர் 1933-இல் எடுத்துக்காட்டினார். 1958-இல் ஃபின்கல்ஸ்டைன் அதனை ஐயமறத் தெளிவித்தார்.

உறைந்து நிற்பதாகத் தோன்றும் என்பதும் உண்மையிற் கண்ணாற் காணப்படுவதன்று. வீழும் பொருளினின்று வரும் ஒளி கணந்தோறும் சிவந்து நலிந்து, ஒரு மீனளவுள்ள கருந்துளையாயின் ஒரு நொடியின் மிகச் சிறு கூற்றிலேயே முற்றும் அவிந்துபோம். ஒளியின் இறுதிக் கூறு வந்தடைந்தபின் வேறொன்றும் வருவதில்லை. காட்சியையே பெரிதெனப் போற்றுவார், காணப்படாத உறைந்த மீனை என்றும் இருப்பதாகக் கூறி, உட்சென்ற பொருளை இல்லையென்பது தம் கொள்கைக்கே மாறாம் என்க.

இரண்டாவது ஏது இதனினும் வலியுடையது. 'கடத்தல் நிகழ்க, ஆயினும் அதன்பின் நிகழ்வது யாதெனக் கூறினும், அக்கூற்றினை மெய்யென்றாதல் பொய்யென்றாதல் காட்டும் கருவி புறத்தார்பால் இல்லை, காட்டலாகாத கூற்று பௌதிக நூற்கண் இடம்பெறாது' என்பது அது. இதற்கு நம் அளவை நூலார் வகுத்த ஒரு வரம்பினை நினைவுகூர்தல் தகும். 'இங்குக் குடம் இல்லை' எனக் காணாமைபற்றித் துணிவது எப்பொழுது செல்லும்? குடம் ஈண்டு இருந்திருப்பின் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி உளதாகியபொழுதே செல்லும். காண்டற்குத் தகுதியுடையதன் காணாமையே இன்மையை அறிவிக்கும். தகுதியில்லாததன் காணாமை ஒன்றனையும் அறிவியாது. இருளறையிற் குடம் காணப்படாமை குடத்தின் இன்மைக்கு ஏதுவாகாதவாறு போல, ஒளியே வெளிவரலாகாதென்று தாமே உடன்பட்ட ஓரிடத்தினின்று ஒளி வாராமையை ஆண்டு நிகழ்ச்சி இன்மைக்கு ஏதுவாகக் காட்டுதல் அமையாது.

'யாம் இல்லை என்கிலேம். பொருளற்ற பேச்சு என்றே கூறுகின்றேம்' எனின், யாருக்குப் பொருளற்றது என்று வினவுக. காணலாகாமை என்பது இருவகைத்து: எவராலும் எவ்விடத்தும் காணலாகாமை ஒன்று, இவ்விடத்து நிற்பாராற் காணலாகாமை பிறிதொன்று. எல்லைக்கு அப்பாலுள்ளது பின்னதே. உட்புகுவான் காண்பான்; அவன் கையிலுள்ள கடிகாரம் ஓடும்; அவன் மீண்டு வந்து உரைக்கமாட்டான் என்பதே குறை. கணக்கு நூல் இவ்விடத்து மிக நுட்பமாகவே பேசுகின்றது. சுழற்சியில்லாத கருந்துளையாகக் கொண்டு கணக்கிடின், எல்லையைக் கடந்தான் ஒருவன் நடுவணை எய்துதற்குள் அவனுக்கு வாய்க்கும் காலம் பால்வழி நடுவிலுள்ளதன்கண் மிகப்பெரிதாயின் 66 நொடி. 2019 ஏப்ரல் 10-ஆம் நாள் நிழலுருவம் வெளியிடப்பெற்ற எம்87 கருந்துளையின்கண், அது ஞாயிற்றின் 650 கோடி மடங்கு நிறையுடையதாகலின், ஏறத்தாழ 28 மணி. 28 மணி நேரம் ஒருவன் உண்ணலாம், உறங்கலாம், நூலொன்று படிக்கலாம், அஞ்சி அழலாம். அவன் அழுத அழுகை எமக்குக் கேளாமையால் அஃது அழுகையன்று என்பார்க்கு யாது விடை கூறுவது! இது வெறும் சொற்போர் அன்று. மெய் என்பதற்கு 'எம்பால் வந்து அறிவிக்கப்படுவது' என்று இலக்கணம் கூறுவார், வாய்திறந்து சான்று பகர வாராத உயிர்களின் நுகர்ச்சியனைத்தையும் அவ்விலக்கணத்தாலேயே அழித்துவிடுகின்றனர். இவ்விலக்கணத்தை எம்மால் ஏற்றுக்கோடல் இயலாது.

இனி இவ்விலக்கணம் தன்னளவிலேயே நில்லாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆராய்வாருட் பலர் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். எமக்கோ இதுவே யாவற்றினும் வலிய மறுப்பாகத் தோன்றுகின்றது. நிகழ்வெல்லை என்பது சுவர்போல் ஓரிடத்து எழுப்பப்பட்டதன்று. ஓரிடத்தினின்று புறப்பட்ட ஒளி என்றேனும் தொலைவிற் சென்று சேருமோ சேராதோ என்பதுபற்றியே அவ்வெல்லை வரையறுக்கப்படுதலின், இனி வருங்கால முழுவதும் யாது நிகழும் என்பதனை அறிந்தாலன்றி அஃது எங்குளது எனச் சொல்லலாகாது. நிறைமிக்க ஒரு கோளக்கூடு நாற்புறத்தும் நின்று ஒருவனது இல்லத்தை நோக்கி ஒளியனைய விரைவொடு சுருங்கி வருகின்றதெனக் கொள்க. அக்கூடு வந்தணையு முன்னரே, இல்லத்துள் விளக்கெரிந்து, உலை கொதித்து, மக்கள் வழக்கம்போல் உரையாடிக் கொண்டிருக்கும்பொழுதே, நிகழ்வெல்லை அவ்வில்லின் நடுவே தோன்றி விரிந்து அவர்களைக் கடந்து சென்றிருத்தல் கூடும். கடந்ததற்கு அடையாளம் அவ்விடத்து யாதொன்றும் இராது. புறத்தார்க்கு எட்டாதது மெய்யன்று எனின், அவ்வுலை கொதித்தது மெய்யோ பொய்யோ என்பது பின்னர் வரும் கூட்டினைப் பொறுத்ததாய் முடியும். அக்கூடு இடைவழியிற் சிதறின் கொதித்தது மெய். சிதறாதாயின் கொதித்ததே இல்லை. நிகழ்ந்ததன் மெய்ம்மையை, அதன்பின் வேறெங்கோ நிகழ்வதொன்று தீர்மானிக்கும் என்னும் இதனினும் பெரிய முரண்பாடு யாதுளது?

கருந்துளையே வேண்டா, விரிந்து செல்லும் இப்பேரண்டமும் அத்தகையதோர் எல்லையுடையது. ஏறத்தாழ 1,600 கோடி ஒளியாண்டுத் தொலைவிற்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலங்களினின்று இன்று புறப்படும் ஒளி என்றும் எம்மை வந்தடையாது. அம்மண்டலங்களின் பண்டை ஒளியினை இன்றும் காண்கின்றோம். அவை எல்லை கடந்தவுடனே இல்லாதொழிந்தன என்று கூறும் வானநூலாரை யாம் அறியேம். ஆண்டு ஒரு நீதியும் கருந்துளைக்கண் ஒரு நீதியும் வழங்குதல் நடுநிலையன்று.

இவ்விடத்துச் சிலர் பழஞ்செய்திகளிரண்டனை எடுத்துக்காட்டி எம் பக்கத்திற்குத் துணைசெய்வர். விண்மீன்களின் உட்கூறு யாதென மாந்தர் ஒருபொழுதும் அறியார் என 1835-இல் எழுதினார் பிரெஞ்சு அறிஞர் ஓகஸ்ட் கோம்ட். 1859-இல் கிர்க்காஃபும் புன்சனும் நிறமாலையால் அதனை அறியும் நெறி கண்டனர். அணுக்களைக் கண்டாரில்லை என்று மறுத்தார் ஏர்ன்ஸ்டு மாக். ஷான் பெரென் 1908 முதற் செய்த ஆய்வுகள் அவற்றை எண்ணியே காட்டின. இவை நல்ல செய்திகளே. ஆயினும் ஈண்டு முழுதும் பொருந்தா. கோம்டும் மாக்கும் கருவியின் குறையை இயற்கையின் குறையாகக் கொண்டு பிழைத்தனர். கருந்துளைக்கண் உள்ள தடையோ, கோட்பாடு மெய்யாயின், எக்கருவியாலும் நீங்காதது. 'நாளை காண்போம்' என்னும் உறுதியின்மேல் எம் வழக்கினை நிறுத்துதல் ஆகாது. என்றும் காணாவிடினும் உளதெனத் துணியலாமோ என்பதே வினா. துணியலாம் என்பதே எம் விடை.

அத்துணிவுக்கு அடிநிலை யாது? அனுமானம் வியாத்தியின் வலியளவே வலியுடையது. ஈர்ப்பின் விதிகள் புதன் கோளின் வழி நூறாண்டிற்கு 43 விகலை மிகைதிரும்புதலானும், 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தானும், 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் இரு கருந்துளைகள் இணைந்தெழுப்பிய ஈர்ப்பலையானும் தேர்ந்து காணப்பட்டவை. ஆண்டு விளங்கிய விதி எல்லைக்கு அப்பாலும் செல்லுமென யாங்ஙனம் கொள்வது எனின், எல்லைக்கண் விதி மாறுதற்குக் காரணம் யாதும் காணப்படாமையால் என்க. எம்87 கருந்துளையின் எல்லையில் ஒருவனது தலைக்கும் தாளுக்கும் இடையே ஈர்ப்பு வேறுபட்டு இழுக்கும் இழுவை, நாம் நிற்கும் இந்நிலத்தில் உள்ளதனினும் 10,000 மடங்கிற்கு மேற் குறைந்தது. நிலத்தின்மேல் நாடோறும் மெய்யாகும் விதியொன்று, அதனினும் மென்மையான ஓரிடத்தில், யாதொரு காரணமுமின்றி, எம் கண்ணிற்கு மறைந்ததுகொண்டே தவறும் என்பார் மேலதே அதற்குக் காரணங்காட்டும் கடன்.

முடிபு விரும்பத்தகாததாயிருத்தல்பற்றி அனுமானத்தை இடைமுறித்தல் இத்துறையிற் புதிதன்று. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று கேம்பிரிட்ஜு சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், ஞாயிற்றின் நிறையினும் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்பட்ட குறுமீன் தன்னைத் தாங்கி நிற்கமாட்டாதென 1935 சனவரி 11-ஆம் நாள் இலண்டன் வானநூற் கழகத்தில் உரைத்தபொழுது, பேரறிஞர் எட்டிங்டன் கணக்கிற் பிழை காட்டாமல், அத்தகைய முடிவை இயற்கை தடுத்தேயாகல் வேண்டும் என்று கூறி அவையினை நகைக்கச் செய்தார். சந்திரசேகர்க்கு நோபெல் பரிசு 1983-இல் வந்தது.

இனி, எதிர்ப்பக்கத்தின் மிக நுண்ணிய வடிவத்தினை நோக்குவாம். லெனார்டு சஸ்கின்ட் 2008-இல் வெளியிட்ட 'கருந்துளைப் போர்' என்னும் நூல் அதனை எளிமையும் சுவையும் பட விளக்குகின்றது. கருந்துளை வெப்பக்கதிர் உமிழ்ந்து மெல்லத் தேயும் என 1974-இல் ஸ்டீவன் ஹாக்கிங் காட்டினார். உட்புகுந்தவற்றின் செய்தி அதனோடு அழிந்தொழியும் என 1976-இல் வாதித்தார். அழியாதென்று துணிந்த சஸ்கின்ட், தோர்லேசியஸ், அக்லம் ஆகிய மூவர் 1993-இல் ஒரு கொள்கையை வகுத்தனர். புறத்தானுக்கு வீழ்ந்த பொருள் எல்லையருகே வெந்து கதிராய் மீள்கின்றது, வீழ்ந்தானுக்கோ எல்லைக்கண் ஒன்றும் நேர்வதில்லை, இரண்டும் மெய், ஒருவரோடொருவர் கூடி ஒப்புநோக்க இயலாமையால் முரண் இல்லை என்பது அதன் சாரம். அகத்தினை இல்லையென்று இவர்கள் கூறினாரல்லர் என்பதனை நடுநிலையோடு குறித்தல் வேண்டும். முன்கூறிய ஒருசாராரினும் இவர் பெரிதும் உயர்ந்தோர்.

ஆயினும், முரண் வெளிப்படாமை வேறு, முரண் இன்மை வேறு. இருவர் சான்று மாறுபட்டு, இருவரையும் ஓரவையில் நிறுத்துதல் இயலாதாயின், வழக்குத் தீர்ந்தது என்பார் எவர்? தீராதது கண்டறியப்படாமல் நின்றது என்பதே செவ்விது. 2012-இல் அல்மேரி, மாரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி என்னும் நால்வர் செய்த வாதம் இதனை நன்கு வெளிப்படுத்திற்று. பழைய கதிரை முன்னரே திரட்டிக்கொண்டு பின்னர் உட்புகுவான் ஒருவனே மாறுபட்ட இரண்டனையும் எய்துவான் ஆகலின், இரு காண்பாரைப் பிரித்துவைத்தல் மட்டும் போதாதென்று அவர் காட்டினர். எல்லைக்கண் ஒரு தீச்சுவரே உளதாதல் வேண்டும் என்றும் கூறினர். அக்கதிரினைப் பகுத்தறிதற்கு வேண்டும் கணக்கு, கருந்துளை தேய்ந்தொழியும் காலத்தினும் நீளும் என 2013-இல் ஹார்லோ, ஹேடன் இருவர் விடையிறுத்தனர். கணக்கிட நேரமின்மையால் மெய் காக்கப்படுகின்றது என்னும் அவ்விடை கூர்மையுடையதே; எமக்கு மனநிறைவு தருவதன்று. தீச்சுவர் உண்டோ இன்றோ என்று இத்துணை அறிஞர் முட்டிமோதுதற்குக் காரணம், எல்லைக்கண்ணும் அதற்கு அப்பாலும் ஏதோ ஒன்று மெய்யாக நிகழ்கின்றது என்பதனை அனைவரும் உட்கொண்டிருத்தலன்றோ?

இவ்வளவும் கூறியதுகொண்டு, கருந்துளையகத்தைப்பற்றி எழுதப்படுவன யாவும் ஒரே உறுதியுடையன என்று கொள்ளற்க. எல்லையை அடுத்துள்ள பகுதிக்கு அனுமானம் வலியுடையது. நடுவணை நெருங்குந்தோறும் அது மெலிகின்றது. முடிவிற் கோட்பாடே தன் இயலாமையை ஒப்புக்கொள்கின்றது. 1965-இல் பென்ரோஸ் நிறுவியது கோட்பாடு ஆண்டு முற்றுப்பெறாது முறியும் என்பதேயன்றி, ஆண்டு உள்ளது இன்னதென்பதன்று. சுழலும் கருந்துளைக்கு ராய் கெர் 1963-இற் கண்ட தீர்வினை உள்ளாழம்வரை நீட்டி, வேறோர் அண்டத்திற்கு வாயில் உண்டென்று கதை புனைவாரும் உளர். அத்தீர்வின் உள்ளெல்லை சிறிது கலங்கினும் நிலைகுலைவதாகலின் அக்கதைக்கு அடிநிலை இல்லை. மற்று, மாஸுர், மோட்டோலா என்பார் 2001-இற் கூறியவாறு, எல்லையே தோன்றாமல் வேறொரு திண்பொருள் ஆண்டு நிற்கும் என்பாரை யாம் மதிக்கின்றோம். அவர் காணாமையை ஏதுவாகக் காட்டாது, பொருளின் இயல்பு வேறு என வழக்கிடுகின்றனர். அது பௌதிகர் செய்தற்குரிய வழக்கு.

இடைப்பிறவரலாக ஒன்று. நம்மவருட் சிலர், கருந்துளை என்னும் பெயர் கேட்டவளவானே அதனை ஆணவவிருளோடும் சங்காரத்தோடும் ஒப்பிட்டு, முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என்று எழுதுகின்றனர். நிறையும் ஆரமும் உடைய சடப்பொருள் ஒன்றனை அங்ஙனம் கோடல் இரு நூற்கும் இழுக்காம். முன்னோர் நமக்குத் தந்தது அளவையின் நேர்மை, வானநூற் செய்தியன்று.

அகத்தினைப்பற்றிய கூற்றுப் புறத்தினின்று ஒருவாற்றானும் மறுக்கலாகாதது என்பதும் பொருந்தாது. அகத்திற்கு விதி கூறும் கோட்பாடே புறத்திற்கும் விதி கூறுகின்றது. புறத்தே அது தவறுமாயின் அகத்தைப்பற்றிய துணிவும் உடன்வீழும். இரு கருந்துளைகள் ஒன்றாங்கால் எல்லையின் மொத்தப் பரப்புக் குறையாது என 1971-இல் ஹாக்கிங் கூறியதனை, 2015-ஆம் ஆண்டு ஈர்ப்பலையின் பதிவுகொண்டு 2021-இல் ஆராய்ந்தோர் அதனொடு ஒத்திருக்கக் கண்டனர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 சனவரியில் ஒப்புதல் அளித்த லைசா என்னும் முக்கலக் கருவி, 2035-ஆம் ஆண்டளவில் விண்ணிற் செலுத்தத் திட்டமிடப்பட்டுளது. சிறு கருந்துளையொன்று பெரியதொன்றனைப் பல்லாயிரமுறை சுற்றி வீழும்பொழுது எழும் அலையினை அது பதிவு செய்யுமாயின், அப்பெரியதன் புறத்து ஈர்ப்பு கெர் கூறியவாறே அமைந்துளதா என்பது மிக நுண்ணிதாக அளக்கப்படும். அமையாதாயின், இக்கட்டுரையின்கண் யாம் நிறுவிய அனுமானத்தின் வியாத்தியே திருத்தப்படல் வேண்டும்.